இன்றைய உபயம்

…அழிக்கச் சொன்னால் என்ன, ஒரு பலகைதானே, வெண்கட்டியால் எழுதியதுதானே, ஈரத்துணியால் ஒருதரம் இழுத்தால் போய்விடும், ஆனால் பெற்ற தாய் எழுதுவித்த பேரை அழியுங்கோ என்று எந்த வாயால் சொல்வது, அதுவும் அம்மன் கோயில் அன்னதான மண்டபத்து வாசலில் இருக்கிற பேரை… ஆரூரன் படகின் உள்வாங்கில் தோளை ஒடுக்கிக்கொண்டு இருந்தான். குறிகட்டுவான் துறையில் ஏறும்போது மாட்டிக்கொண்ட லைஃப் ஜக்கற் கழுத்தை நெரித்தது, அதை முதல் போட்டிருந்தவரின் வியர்வை இன்னும் காயவில்லை. எதிர்வாங்கில், முழங்காலும் முழங்காலும் முட்டுகிற தூரத்தில், குலசிங்கம் இருந்தார். கொழும்பு மென்பொருள் கொம்பனியில் ஆரூரனுக்கு மேலே இருக்கிறவர், ஆறு வருசமாய் அவனுக்கு வேலை பழக்கியவர், தாய்க்குக் கால் வழங்காமல் போனபோது நீர் வீட்டிலை இருந்தே செய்யும் என்று அவனை நயினாதீவுக்கு அனுப்பி வைத்தவர். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஆரூரன் லீவு எடுத்த நாள், நீர் லீவிலை நிக்கிறீர்தானே, நான் அம்மனைக் கும்பிட வாறன், உம்மடை அம்மாவையும் பார்க்கவேணும் என்று மூன்று நாளைக்கு முதல்தான் சொன்னார், சேர் வரவேண்டாம் என்று சொல்ல ஏலுமா, எதற்காக லீவு எடுத்தேன் என்று சொல்லத்தான் ஏலுமா… அம்மா பதறுவாள் என்று, கொழும்பிலிருந்து ஒராள் வருகிறார் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிவர முதற்படகில் குறிகட்டுவானுக்குப் போனான். திரும்பி வருகிற படகுக்கு வரிசையில் நிற்கும்போதுதான் அம்மா போன் எடுத்தாள். சத்தியபாமா சாதாரணமாகக் காலையில் போன் எடுக்கிறவள் அல்ல. தம்பி, உனக்குச் சொல்லாமல் ஒண்டு செய்துபோட்டன், ஏசாதை, என்றாள். கனடாக்காரர் ஒராளின்ரை உபயமாம் இண்டைக்கு, அவையின்ரை பெரியப்பா செத்துப்போய்த் துடக்கு வந்திட்டுது, நாள் சும்மா கிடந்தது, நான் கேட்டு எடுத்துப்போட்டன், உன்ரை சோழகத்தின்ரை பேரிலைதான், மயில்வாகனம் வாத்தியார் பலகையிலை முத்து முத்தா எழுதியிருக்கிறார், உன்ரை பேரும் கிடக்கு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஐயர் கேட்டவர் கொம்பனிக்கு நட்சத்திரம் என்ன எண்டு, நான் என்னத்தைச் சொல்ல, இண்டைக்குத்தானே பிறக்குது, இண்டையான் நட்சத்திரத்தைச் சொன்னனான், உத்தரம்… அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் கிடக்கிறது. பேரப்பிள்ளை பிறந்த வீட்டுக்காரி சிரிக்கிற சிரிப்பு.

சோழகம். அந்தப் பேரைக்கூட அவன் யாரிடமும் சத்தமாய்ச் சொன்னதில்லை, வைகாசியில் தொடங்கி இந்தக் கடலைப் புரட்டுகிற காற்றின் பேர், கொழும்பில் யாருக்கும் விளங்காது என்றுதான் வைத்தான். தீவுக் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்குச் சொல்லி எடுப்பிக்கிற சாமான் லொறியில் துறைக்கு வந்து, எந்தப் படகில் ஏறி, எந்தக் கரையில் இறங்குகிறது என்று கைத்தொலைபேசியில் காட்டுகிற மென்பொருள். எழுவைதீவுக் கடைக்கு வரவேண்டிய பால்மாப் பெட்டிகள் ஒருமுறை பிழையான துறையில் இறங்கி, இரண்டு நாள் நெடுந்தீவுக் கரையில் வெயில் காய்ந்தன, எழுவைதீவில் ஒரு பிள்ளை பாலுக்கு அழுததாம், அதைக் கேட்ட அன்றைக்குத்தான் இது தொடங்கியது. இதுவரை எல்லாம் படகுக்காரரின் ஞாபகத்தில்தான் நடந்தது, அந்தக் கட்டம்போட்ட சாரம் கட்டுறவரின்ரை மூட்டை, இந்தப் பல்லு மிதந்த மனுசன்ரை பெட்டி என்று. ஆரூரன் செய்ததில் ஒரு கெட்டித்தனம் இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சுக்குள் சின்னதாய் ஒரு பூரிப்பு வரும், நடுக்கடலில் சிக்னல் போய்விட்டாலும் அது எழுதியதைத் தனக்குள் பொத்தி வைத்திருந்து கரை தட்டியதும் தானாக அனுப்பிவிடும். ஒன்றரை வருசம் விடியப்புறத்தில் எழும்பி எழும்பிச் செய்தான், எட்டு மணிக்குக் கொம்பனி வேலை தொடங்குமுன் மூடிவைத்துவிடுவான், மூடிவைக்கிறபோது பிள்ளையை அறைக்குள் விட்டுப் பூட்டுகிற மாதிரி இருக்கும். இன்னும் மூன்று மாதத்தில் வேலையை விடுகிறேன், இன்னும் மூன்று மாதத்தில்… இப்படி எத்தனை மூன்று மாதம் போய்விட்டது. கொம்பனி ஒப்பந்தத்தில் பதினாலாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, வேலையில் இருக்கும் காலத்தில் ஊழியர் இத்துறையில் எதைச் செய்தாலும் அது நிறுவனத்துக்கே உரியது, ஆறு வருசத்துக்கு முன் அதை வாசிக்காமல் கையெழுத்து வைத்தான், பேனை கொண்டுபோக மறந்து நின்றபோது தன்னுடைய பேனையைக் கழற்றித் தந்ததும் இதோ எதிரில் இருக்கிற மனுசன்தான். நான் களவெடுக்கவில்லையே, என் கணினி, என் கரண்ட், என் நித்திரை… ஒருநாளைத் தவிர. கரண்ட் போன அந்த ஒருநாள் கொம்பனிக் கணினியில் ஒரு மணித்தியாலம் எழுதினான், அந்த ஒரு மணித்தியாலம் இப்போது பல்லிடுக்கில் மாட்டிய நார் போல. சரி, கணினியை விடு, புத்தி யாருடையது. முதல் சாமான் எங்கை துலையுது எண்டு பாரும், பிறகு எழுதும் என்று கடதாசியில் பெட்டி பெட்டியாய்க் கீறிக் காட்டியது யார். சோழகத்தின் முதற்பக்கத்தில் இருக்கிற பெட்டிகள் அந்தக் கடதாசிப் பெட்டிகளா, என்னுடையவையா… ஒரு ஆளிடம் பழகியதை அந்த ஆளிடம் திருப்பிக் கொடுக்கிறது எப்படி, கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்.

படகு துறையை விட்டு வெளியே வந்ததும் காற்று விலாவில் அடித்தது. பெண்கள் யன்னலை இழுத்து மூடினார்கள், உள்ளே டீசல் மணமும் கற்பூர மணமும் யாரோ உரித்த தோடம்பழ மணமும் சேர்ந்து சுழன்றன. தெற்கிலிருந்து வந்த வெள்ளைச் சீலைக்காரப் பெண்கள் தாமரைப் பூக்களை மடியில் பொத்திக்கொண்டு ஏதோ மெல்லிய குரலில் ஓதினார்கள். இருபது நிமிசம். இருபது நிமிசத்தில் படகு கரையில் முட்டும், பிறகு கோயில், பிறகு பூசை, பிறகு மண்டபம், மண்டப வாசலில் நெஞ்சு உயரத்துக்குப் பலகை. இன்றைய உபயம் சோழகம் மென்பொருள் நிறுவனம், ஆரூரன், நயினாதீவு. அம்மா இன்னும் என்னென்ன சொல்லி எழுதுவித்தாளோ, கணினிப் பொறியியலாளர் என்றும் போட்டிருப்பாள், போடாமல் விடமாட்டாள். வழியை மாற்றிக் கூட்டிப் போகலாமா, சேர் வீட்டிலை சாப்பிடுவம் என்று சொல்லலாமா, வீட்டில் உலை வைக்கவில்லை, உபயகாரர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது, அம்மா விடியக் காலையிலேயே அரிவாளோடு மண்டபத்துக்குப் போய்விட்டாளாம் மரக்கறி வெட்ட. தலையிடி என்று சொல்லலாமா… அந்த நேரம் குலசிங்கம் முன்னுக்குச் சரிந்தார், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அவன் காதில் சொல்லவேண்டியிருந்தது, அவருடைய வாயில் வெற்றிலை வாசமோ மருந்து வாசமோ ஒன்று.

“தலைமை ஒஃபீசாலை கடிதம் வந்திருக்கு. வீட்டிலை இருந்து செய்யிற எல்லாரும் ஆவணியோடை கொழும்புக்கு வரவேணுமாம்,” என்றார். “உம்மைத் தவிர.”

ஆரூரன் வாயைத் திறந்தான், அவர் கையைக் காட்டிப் பொறும் என்றார். தாய் தனிய, தீவிலை, ஆள் வர ஏலாது என்று எழுதிக் குடுத்தனான். மூண்டு வருசத்துக்கு ஆரூரன் எங்கையும் போகான், அதுக்கு நான் பொறுப்பு எண்டு கையெழுத்தும் வைச்சனான். போனிலை சொல்லுற விசயமில்லை, அதுதான் நேரை வந்தனான்… சொல்லிவிட்டுத் திரும்ப நிமிர்ந்து கதிரையில் சாய்கிறவர் மாதிரி வாங்கில் சாய்ந்தார், நல்ல செய்தி ஒன்றைக் கையிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்ட முகம். மூன்று வருசம். ஆரூரனுக்கு லைஃப் ஜக்கற்றின் நாடா இன்னும் ஒரு பிடி இறுகின மாதிரி இருந்தது. ஒருவன் கெட்டவனாய் இருந்தால் எவ்வளவு சுகம், ஏசியிருந்தால், பிடித்துக் கத்தியிருந்தால், வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து நடந்திருக்கலாம், நல்ல மனுசனின் கையிலிருந்து எப்படிக் கையை உருவி எடுக்கிறது. நன்றி சேர் என்றான். மூன்று வருசத்தில் எனக்கு நாற்பத்தொன்று, அம்மாவுக்கு எழுபத்தொன்று, சோழகத்துக்கு எத்தனை, அது பிறந்து மூன்று மணித்தியாலம்தானே ஆகிறது. பதினொரு கடை விடிய ஐந்து மணியிலிருந்து அதைத் தட்டத் தொடங்கியிருக்கிறது, சட்டைப்பையில் தொலைபேசி இடைக்கிடை அதிர்கிறதெல்லாம் அதுதான், ஒவ்வொரு அதிர்வும் ஒரு மூட்டை, ஒரு பெட்டி. அவர் காதுக்குக் கேட்குமா. எஞ்சின் சத்தத்தில் கேளாது. கேளாதுதானே…

பத்திநாதர் அப்போதுதான் தலையைக் குனிந்து உள்ளே வந்தார், வரவேண்டிய நேரம் பார்த்து. ஊர்காவற்றுறைக்காரர், சொந்தமாய்ச் சாமான் ஏற்றுகிற படகு வைத்திருக்கிறவர், சோழகத்தை முதன்முதல் நம்பித் தன் தொலைபேசியில் போட்டவர் அவர்தான், கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது என்று ஒவ்வொரு பொத்தானையும் ஆரூரனைக் கொண்டு பெருப்பித்தவர். நயினாதீவில் யாருடையதோ எஞ்சினைப் பார்க்கப் போகிறார் போல, கையில் ஒரு திருகாணிப் பை. ஆரூரனைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு. தம்பி, உம்மடை சாமான் விடியவே வேலை செய்யத் துவங்கிட்டுது கண்டீரோ, மூண்டு மூட்டை நான் தட்டிப்போட்டன் என்று கூட்டத்துக்கு மேலாலேயே சொன்னார். ஆரூரன் பாய்ந்து விழுந்து, ஓம் அண்ணை, அந்தப் போன் இப்ப சரிதானே, பற்றரி மாத்தினாப் பிறகு பிழையில்லைத்தானே என்றான். சொல்லி முடிக்குமுன்னே தன் குரலைத் தானே கேட்டான், யாரோ கடையில் நிற்கிற பொய்க்காரனின் குரல். பத்திநாதர் ஒருகணம் அவனைப் பார்த்தார், பிறகு குலசிங்கத்தின் மடிப்புக் குலையாத காற்சட்டையைப் பார்த்தார், பிறகு திரும்ப அவனை. கடலில் பிழைக்கிற மனுசருக்கு முகத்தில் காற்று மாறுகிறது தெரியும்.

“ஓம் ஓம், போன் இப்ப சரி,” என்றார். “முந்திக் கூப்பிட்டால் ஆளைத் தெரியாத மாதிரிக் கிடந்தது. இப்பவும் இடைக்கிடை அப்பிடித்தான்.”

சொல்லிவிட்டு மேல்தட்டுக்கு ஏறிப் போய்விட்டார். குலசிங்கம் சிரித்தார், நீர் போனும் திருத்துவீரோ என்றார். சின்னச் சின்ன உதவி சேர், ஊராக்களுக்கு. அவர் தலையை ஆட்டினார், அதுதான் உம்மிலை எனக்குப் பிடிச்சது, ஒளிவு மறைவில்லாத பிள்ளை… கடல் ஒருதரம் படகைத் தூக்கிப் போட்டது, முன்வரிசையில் யாரோ ஓங்காளித்துச் சத்தி எடுத்தார்கள். பத்திநாதர் இனி அதைத் தட்டுவாரா. தட்டுவார், தட்டாமலும் விடலாம். சிறைச்சாலைக்குச் சுவர் வேண்டும் என்று யார் சொன்னது, நாலு பக்கமும் தண்ணியும் நடுவில் இப்படி முழங்கால் முட்டுகிற ஒரு வாங்கும் காணும். ஆண்டவனே, நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லையே, பாலில்லாமல் ஒரு பிள்ளை அழுதது என்று கேட்டுத்தானே தொடங்கினேன், அதற்குள் எப்படி இத்தனை பேரை ஏமாற்றுகிறவன் ஆனேன்.

தொலைபேசியை எடுத்தான். மயில்வாகனம் வாத்தியாரின் இலக்கம் இருந்தது, பென்சன் எடுத்த பிறகு மண்டபத்து மேற்பார்வையும் பலகை எழுத்தும் அவர்தான், இவனுக்கு முதலாம் வகுப்பில் எழுத்துப் பிடித்துக் கொடுத்தவர். திரையைத் தன் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டு, ஐயா, பலகையில் உள்ள பேரைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள், காரணம் நேரில் சொல்கிறேன் என்று எழுதினான். அனுப்பினான். ஒற்றைச் சரி விழுந்தது, மற்றச் சரி விழவில்லை, கோபுரம் யன்னலுக்குள் வருகிறதும் அலையில் மறைகிறதுமாய் இருந்தது. போகாமல் விட்டால் நல்லது என்றும் நினைத்தான், போய்ச் சேரவேண்டும் என்றும் நினைத்தான், ஒரே மனம்தானே, எப்படி இரண்டையும் நினைக்கும்… இரண்டாவது சரி விழுந்தது. நீலமாயிற்று. வாத்தியார் எதையும் முழு வசனமாய்த்தான் எழுதுவார். தம்பி, சமையல் நடக்கும் நாளில் பலகை வெறுமையாய் இருக்கக்கூடாது என்பது உமக்குத் தெரியும். யாருடைய பேரை எழுத வேண்டும்? குலசிங்கம் அந்நேரம் யன்னலால் பார்த்து, அதோ அதுதானே கோயில், அடேயப்பா என்றார், ஓம் சேர் என்று சொல்லிக்கொண்டே ஆரூரனின் பெருவிரல் போனது. குலசிங்கம் குடும்பம், கொழும்பு. அனுப்பிவிட்டுத்தான் பார்த்தான். என்ன எழுதினேன். ஏன் அதை எழுதினேன். அம்மாவின் பேரைச் சொல்லியிருக்கலாமே, சத்தியபாமா, நயினாதீவு, அவ்வளவுதானே, யாருக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது, எவ்வளவு சுலபம், எவ்வளவு நியாயம்… அது ஏன் விரலுக்கு வரவில்லை. ஆறு வருசம். ஆறு வருசமாய் எதைச் செய்து முடித்தாலும் கடைசியில் ஒரு பெட்டி நிரப்பவேண்டும், அதை நிரப்பாவிட்டால் வேலை மேலே போகாது, ஒப்புதல் அளித்தவர் என்று கேட்கும், விரல் தன்பாட்டில் எழுதிவிடும், குலசிங்கம். எத்தனை நூறுதரம் எழுதியிருக்கும். செய்தது இவன், பெட்டியில் பேர் அவர். பாவம் விரல், அதற்கு இது அம்மன் கோயில் என்று தெரியுமா, அம்மாவின் உபயம் என்று தெரியுமா, முடிந்தது ஒன்று, கீழே ஒரு பெட்டி வெறுமையாய் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஐயா பொறுங்கள் என்று எழுதத் தொடங்கினான், ஐயா பொறு என்பதோடு ஒரு படம் வந்து விழுந்தது, பலகையின் படம். எழுதியாயிற்று என்று கீழே ஒரு வசனம். வாத்தியாரின் குண்டு குண்டான எழுத்தில், ஈரம் காயாத கரும்பலகையில், குலசிங்கம் குடும்பம், கொழும்பு. ஒருதரம் அழித்தது போதாதென்று இன்னொருதரமும் அழிக்கச் சொல்லவா, விளையாட்டா இது என்று அவர் கேட்டால். படகு துறையின் ரயர்களில் முட்டி ஒருதரம் குலுங்கியது, லைஃப் ஜக்கற்றைக் கழற்றுங்கோ கழற்றுங்கோ என்று மேலிருந்து குரல், குலசிங்கம் எழும்பி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார், வாரும் என்றார்.

இறங்கிய பிறகு நடந்ததெல்லாம் ஒரு பெருநாள் சனத்துக்குள் தள்ளுப்பட்டுப் போகிற மாதிரித்தான் போனது. வெள்ளைச் சீலைக்காரர் விகாரைப் பக்கம் பிரிந்தார்கள், இவர்கள் கோயிற்பக்கம், காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட்டது, குலசிங்கம் மடமொன்றில் வேட்டி மாற்றினார், மேலுக்குச் சட்டையில்லாமல் பார்த்தபோது அவர் எவ்வளவு மெலிந்த மனுசன் என்று தெரிந்தது, நெஞ்சில் ஒரு நீளமான தழும்பு, மூன்று வருசத்துக்கு முன் செய்த ஒபரேசன், அதற்குப் பிறகும் கொம்பனியிலேயே கிடக்கிறவர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டா, மகள் அவுஸ்திரேலியாவில். கொழும்பில் இவரைச் சட்டையோடு மட்டும்தான் பார்த்திருக்கிறான். ஆரூரனும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டு, தொலைபேசியை வேட்டி மடிப்புக்குள் செருகினான், அது அங்கேயும் அதிர்ந்தது, இடுப்பெலும்பில். அம்மன் முன்னால் குலசிங்கம் நெடுநேரம் கண்ணை மூடி நின்றார். ஆரூரன் கண்ணை மூடவில்லை, மூடினால் பலகைதான் தெரியும் என்று பயம். என்ன கேட்கிறது அம்மனிடம், இவர் பலகையைப் பாராமல் விடவேண்டும் என்றா, அதுதான் அழித்தாயிற்றே, அம்மா பார்க்காமல் விடவேண்டும் என்றா. அம்மா பார்த்திருப்பாள். மண்டப முற்றத்தில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டு இருக்கிறவளுக்கு நேர் எதிரில்தான் பலகை. வாத்தியார் ஈரத்துணியோடு போனதைப் பார்த்திருப்பாள், ஏன் அழிக்கிறியள் என்று கேட்டிருப்பாள், உன்ரை மகன்தான் என்று அவர் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு அவள் அரிவாளை வைத்துவிட்டு எழும்பினாளா, அல்லது அடுத்த துண்டை எடுத்து வெட்டினாளா… இரண்டாவதுதான். அவளைத் தெரியாதா.

மண்டப வாசலில் குலசிங்கம் நின்றுவிட்டார். இன்றைய உபயம் என்று மேலே மஞ்சள் வர்ணத்தில் நிரந்தரமாய் எழுதியிருந்தது, அதன் கீழே அவருடைய பேர். ஒருதரம் வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். சத்தியபாமா சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒருகாலை இழுத்து இழுத்து வந்தாள். அவர் அவளைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினார். என்ரை பேரிலை ஒருத்தரும் ஒண்டும் செய்ததில்லை அம்மா, நான்தான் எல்லாருக்கும் கையெழுத்து வைக்கிறவன் என்றார். அவள் மகனைப் பார்த்தாள், கண் இமைக்கிற நேரம்தான், அதில் கோபம் இருந்திருந்தால் ஆரூரன் தாங்கியிருப்பான், ஒரு கேள்விகூட இல்லை, இருந்தது தெருவில் விழுந்து எழும்பிய பிள்ளைக்கு எங்கே காயம் என்று பார்க்கிற பார்வை. பிறகு அவரிடம் திரும்பினாள், என்ரை பிள்ளைக்கு நீங்கள் செய்ததுக்கு நாங்கள் என்ன செய்தாலும் காணாது என்றாள். அதுவும் உண்மைதானே, அவள் சொன்னதில் பொய் எது. குலசிங்கம் பலகைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். ஈரம் காயக் காயப் பழைய வெண்கட்டித் தடம் அடியிலிருந்து வெளித்துக்கொண்டு வந்தது, நீளமான பேர், இரண்டு வரி, ஓரத்தில் ஒரு ‘சோ’ நன்றாகவே தெரிந்தது. ஆரூரனின் இடுப்பில் அது அதிர்ந்தது.

“இதிலை முதல் வேறை ஆற்றையோ பேர் இருந்தது போலை,” என்றார் குலசிங்கம்.

“ஓம் ஐயா,” என்றாள் சத்தியபாமா. “கனடாக்காரர் ஒராளின்ரை. அவைக்குத் துடக்கு வந்திட்டுது.” பிறகு, அவர் அடுத்ததைக் கேட்குமுன், “உங்கடை நட்சத்திரம் என்ன? பூசைக்குச் சொல்லவேணும்.”

கேட்டை என்றார் அவர். கேட்டை, கேட்டை என்று மறக்காமல் இரண்டுதரம் தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் போனாள். அம்மா பொய் சொல்லி ஆரூரன் கேட்டதில்லை, சின்ன வயதில் முட்டாசு களவெடுத்துத் தின்றபோது அடி வாங்கியது பொய் சொன்னதற்காகத்தான், தின்றதற்காக அல்ல. இன்றைக்கு அம்மன் வாசலில் நின்று, குரல் மாறாமல், மூச்சு முட்டாமல்… எங்கே பழகினாள். ஒன்றரை வருசமாய் வீட்டில் யார் கேட்டாலும் தம்பி கொம்பனி வேலைதான் செய்யிறான் என்று சொல்லணை என்று பழக்கியது யார்.

உபயகாரர்தான் முதல் அகப்பை சோற்றைத் தன் கையால் போடவேண்டும், அது அங்கே வழக்கம். வாத்தியார் வந்து ஐயா வாருங்கோ என்று குலசிங்கத்தின் கையில் அகப்பையைக் கொடுத்தார், ஆரூரன் முகத்தை அவர் பார்க்கவில்லை. வரிசையில் முதல் ஆளாய் ஆரூரனையே இருத்தினார் குலசிங்கம், நீர்தான் முதல் என்றார். வாழையிலையில் தண்ணீர் தெளித்திருந்தது. ஆவி பறக்கிற சோறு, அம்மா உபயம் கொடுத்த சோறு, அம்மா விடியக் காலையிலிருந்து வெட்டிய பூசணிக்காய், அது அவருடைய கையால் அவனுடைய இலையில் விழுந்தது, ஒரு அகப்பை, இன்னொரு அகப்பை, சந்தோசத்தில் அளவு தெரியாமல் போடுகிற கை. இடுப்பில் அதிர்ந்தது. ஒன்று. பிறகு விட்டுவிட்டு இரண்டு. அனலைதீவுப் படகு கரை தட்டியிருக்கும், கடலில் பொத்தி வைத்ததெல்லாம் இப்போது வந்து சேருகிறது, அது நன்றாக வேலை செய்கிறது, கடவுளே, அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது… ஒருவரும் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, பதினாலாம் பிரிவைக் காட்டி ஒருவரும் வரவில்லை, அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரியாத மனுசனின் பேரை நானே எழுதி, நானே அவர் கையில் கொடுத்து, நானே இலையை விரித்துக்கொண்டு கீழே இருக்கிறேன்.

“காணுமோ?” என்று குனிந்து கேட்டார் குலசிங்கம்.

ஆரூரன் இலைக்கு மேல் கையை மறைத்துப் பிடித்தான். காணும் சேர் என்றான், உள்ளங்கையில் சோற்றின் சூடு ஏறியது. உம்மடை போன் அடிக்குது போலை, எடும், அவசரமாயிருக்கும் என்றார் அவர். இல்லை சேர், அவசரமில்லை. அவர் அகப்பையை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்து இலையில் இருந்தார், சட்டையில்லாத அந்த மெலிந்த தோள் இவனுடைய தோளில் முட்டியது. அம்மா பூசணிக்காய்க் கறி வாளியோடு வந்தாள், இவனுடைய இலையில் போட்டாள், அவருடைய இலையில் போட்டாள், இரண்டிலும் ஒரே அளவு. காலையில் ஐயரிடம் சொன்ன உத்தரத்துக்கு அர்ச்சனை நடந்து முடிந்துவிட்டதா, அல்லது அதையும் மாற்றிக் கேட்டை என்று சொல்லிவிட்டாளா, அதை மட்டும் கேட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு, வேறொன்றும் வேண்டாம், அந்த ஒன்றை மட்டும், அது பிறந்த நாளில் யாராவது அதன் பேரை அம்மனுக்கு முன்னால் ஒருதரமாவது வாய்விட்டுச் சொன்னார்களா என்று. அம்மா என்றான். வாளியின் கைபிடி கிலுங்க அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள், அதற்கடுத்த இலைக்கும். வரிசை நீளமானது, அவள் அதன் முடிவுக்குப் போய்த் திரும்பி வரவேண்டும்.